ஃபியூஸ் பெட்டிக்குப் பின்னால்

ஆகஸ்ட் 6, செவ்வாய்

கல்லூரியிலிருந்து திரும்பும்போது, சாலை பிரியும் சாத்தூர் விலக்கில் ஒரு டிப்பர் லாரி சிக்னல் போடாமல் குறுக்கே ஒடித்தது. பிரேக்கை மிதித்தேன். அதன் பின்சக்கரத்துக்கும் என் காருக்கும் இடையே ஒரு முழம் இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகம், காலை எடுத்து பிரேக்கில் வைக்க முக்கால் வினாடி, நனைந்த சாலை. கணக்குப்படி நான் நின்றிருக்க முடியாது. ஆனால் நின்றுவிட்டேன். எங்கோ ஓர் எண்ணைத் தவறாக எடுத்திருக்கிறேன்.

என் கணவர் கதிரேசனிடம், "ஒரு லாரி குறுக்க வந்துருச்சு" என்று மட்டும் சொன்னேன். இரவுச் சாப்பாட்டில் தோசை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

மூன்று நாட்களாகப் பேருந்தில்தான் போகிறேன். வண்டியை சர்வீசுக்கு விட்டிருப்பதாகத் துறையில் சொல்லியிருக்கிறேன். வண்டி வாசலில்தான் நிற்கிறது. காலையில் சாவியைப் போட்டேன். கை நடுங்கியது. எடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

காளீஸ்வரி மதினி விளாத்திகுளத்திலிருந்து வந்தார். கதிரேசனின் அக்கா. லாரி விஷயத்தை இவர்தான் அக்காவிடம் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார்.

மதினி மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். மஞ்சள் துணியில் சுற்றி நூல் கட்டியிருந்தது. உள்ளே விசிட்டிங் கார்டு அளவில் ஒரு செப்புத் தகடு, அதில் கட்டங்கள், எழுத்துகள். யாரோ ஒரு பூசாரியிடம் மூன்று மணிநேரம் காத்திருந்து வாங்கினாராம்.

"வண்டியில எங்கயாச்சும் கண்ணுக்குத் தெரியாத எடத்துல சொருகி வச்சிரு மதி. ஒங்கிட்ட வேற ஒண்ணுங் கேக்கல."

சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. "மதினி, செம்பு நல்லா கரண்ட்டக் கடத்தும். அதுக்குத் தெரிஞ்சது அந்த ஒரு வேலதான்" என்றேன். இவர்கூடச் சிரித்தார். மதினி சிரிக்கவில்லை. காபி ஆறிக்கொண்டிருந்தது. குடிக்காமலே மூன்று மணிப் பேருந்துக்குக் கிளம்பிவிட்டார்.

என் அப்பா எங்கள் வீட்டில் மந்திரித்த கயிறு ஒன்றுகூடக் கட்டவிட்டதில்லை. இயற்பியல் துறைத் தலைவியின் காரில் தகடு இருந்தால் வகுப்பில் என்ன முகத்தோடு நிற்பது?

தகட்டைக் குப்பைக்கூடையில் போட்டேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

இன்று முதல் மறுபடியும் வண்டி. கை நடுங்கவில்லை.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. தெருவில் எல்லா வண்டிகளிலும் வாழைக்கன்று. எங்கள் வண்டிக்கு நாங்கள் பொட்டு வைப்பதில்லை.

நேற்று மாணவர் மன்றத்தில் மூடநம்பிக்கை பற்றிப் பேசச் சொன்னார்கள். பேசினேன். கேள்வி நேரத்தில் இரண்டாமாண்டு ஜெசிந்தா எழுந்தாள்: "மேடம், நம்பிக்கையே இல்லாதவங்களுக்குப் பயம் வந்தா என்ன செய்வாங்க?"

"கணக்குப் போடுவாங்க" என்றேன். கைதட்டினார்கள்.

அக்டோபர் 17, வியாழன்

மழை தொடங்கிவிட்டது. இன்று வண்டியில் ஒரு வேடிக்கை. பிரேக்கை மிதித்தால் வைப்பர் ஒருமுறை ஆடுகிறது. காலை எடுத்தால் நின்றுவிடுகிறது. பதினேழு வருட வண்டி. ஆனாலும் பிரேக் விளக்குக்கும் வைப்பருக்கும் என்ன சம்பந்தம்?

அக்டோபர் 19, சனி

மிக்கேல் அண்ணனிடம் கொண்டுபோனேன். பைபாஸ் ரோட்டில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறார். எங்கள் கல்லூரிப் பேருந்துகள் ஆறுக்கும் வயரிங் வேலை அவர்தான். ஜெசிந்தாவின் அப்பா.

அவருடைய கருவி ஒரு சிறிய பல்பும் அதில் இரண்டு ஒயரும். ஒரு முனையை வண்டியின் உடம்பில் வைத்து மறுமுனையால் ஒவ்வோர் இடமாகத் தொட்டுக்கொண்டே போவார். பல்பு எரியும், எரியாது. மீட்டர் வாங்கலாமே என்றேன்.

"மீட்டரு நம்பரு காட்டும் டீச்சர். இது வெளிச்சம் காட்டும்" என்றார்.

பின்பக்க எர்த் ஒயர் துருப்பிடித்திருந்ததாம். சுரண்டி, புது ஒயர் போட்டார். வைப்பர் அடங்கிவிட்டது.

அக்டோபர் 28, திங்கள்

காலையில் வண்டி செத்துக் கிடந்தது. பேட்டரியில் உயிர் இல்லை. தள்ளி ஸ்டார்ட் செய்து நேராக மிக்கேல் கடை.

பேட்டரி நன்றாக இருக்கிறதாம். வண்டி நிற்கும்போது எங்கோ மின்சாரம் கசிகிறதாம். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஃபியூஸ் பெட்டியின் மூடியைக் கழற்றி அரைமணிநேரம் தலைகீழாகக் கிடந்தார். எழுந்தபோது விரல்களில் ஏதோ நூலை உருட்டிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், வண்டியில புதுசா எதாச்சும் வச்சிருக்கீங்களா? ஸ்பீக்கரு, லைட்டு, அலாரம்?"

"இல்ல."

"வேற எதும்? சிலபேரு தகடு கிகடு சொருகி வச்சிருப்பாங்க. அதான் கேட்டேன்."

"என்னைப் பாத்தா உங்களுக்கு அப்படியா தெரியுது?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. "தப்பா நெனைக்காதீங்க டீச்சர், எல்லார்ட்டயும் கேக்குறதுதான்" என்று இரண்டு முறை சொன்னார்.

என் குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. அவ்வளவுதான்.

நவம்பர் 6, புதன்

இன்று நடந்ததை யாரிடமும் சொல்ல முடியாது. கடைத்தெருவில் ஓர் இறுதி ஊர்வலம். ஓரமாக நிறுத்திக் காத்திருந்தேன். பாடை என் வண்டிக்கு நேராக வந்தபோது ஹாரன் தானாக அலறத் தொடங்கியது. நிற்கவே இல்லை. தூக்கி வந்தவர்கள் திரும்பினார்கள். ஒரு கிழவர், "ஏம்மா, அவருக்கு இனிமே என்ன அவசரம்?" என்றார். இறங்கி பானெட்டைத் திறந்து பேட்டரி ஒயரைப் பிடுங்கிப் போட்ட பிறகுதான் அடங்கியது.

வைப்பர், பேட்டரி, ஹாரன். மூன்றுக்கும் பொதுவானது என்ன என்று யோசித்தேன். இத்தனை நாளில் அந்த வண்டியில் கை வைத்த ஒரே ஆள் மிக்கேல்.

நவம்பர் 9, சனி

எந்தப் பழுதுக்கும் முதல் கேள்வி, பழுது வருவதற்கு முன்பு என்ன மாறியது என்பது. மாணவர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பது. பட்டியல் எழுதினேன்.

ஜூன்: டயர்கள் மாற்றியது. ஜூலை: எஞ்சின் ஆயில். ஆகஸ்ட்: எதுவும் இல்லை. செப்டம்பர்: எதுவும் இல்லை. அக்டோபர்: மழை, மிக்கேல்.

இன்னொன்றும் செய்தேன். தேர்வுத் துறையிலிருந்து ஒயிட்னர் கொண்டுவந்து, ஃபியூஸ் பெட்டியின் மூடியை எடுத்து, ஒவ்வொரு ஃபியூஸின் தலையிலும் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தேன். எதையாவது மாற்றினால் தெரிந்துவிடும். மூடியை மட்டும்தான் எடுத்தேன். அதற்குமேல் எதையும் கழற்றவில்லை.

நவம்பர் 14, வியாழன்

மிக்கேல் கடைக்கு மூன்றாவது முறை. இப்போது ஃபியூஸ் போய்க்கொண்டே இருக்கிறது. மிக்கேல் தலையைச் சொறிந்தார்.

"டீச்சர், இந்தப் பெட்டிய முழுசா எறக்கிப் பாக்கணும். பின்னாடிதான் என்னமோ இருக்கு. டேஷ்போர்டக் கழத்தணும், அரை நாள் புடிக்கும்."

"அதெல்லாம் வேண்டாம். மேலோட்டமா என்ன செய்யணுமோ செய்யுங்க."

"மேலோட்டமா செஞ்சா மறுபடி வரும் டீச்சர்."

"அப்ப உங்களுக்குத்தான மறுபடி வேல" என்றேன்.

அவர் பெட்டியின் பக்கம் குனிந்துகொண்டார். முடித்துவிட்டு ஜன்னல் அருகே வந்து ஏதோ சொன்னார். தேர்வுத் துறையிலிருந்து அழைப்பு வந்திருந்ததால் காதில் வாங்கவில்லை. தலையாட்டினேன்.

நவம்பர் 15, வெள்ளி

மூடியைத் திறந்து பார்த்தேன். வலது வரிசையில் மூன்றாவது ஃபியூஸில் புள்ளி இல்லை. பழையதைக் காணவும் இல்லை.

நவம்பர் 18, திங்கள்

கல்லூரியின் போக்குவரத்துக் குழுவில் நானும் உறுப்பினர். செயலாளருக்கு மூன்று பக்கக் கடிதம் கொடுத்தேன். உணர்ச்சிவசப்படாமல், தேதிவாரியாக எழுதினேன். ஒன்று: ஒவ்வொரு பழுதுபார்ப்புக்குப் பின்னும் புதிய பழுது வருகிறது. இரண்டு: என்னிடம் சொல்லாமல் பாகம் மாற்றப்பட்டிருக்கிறது, குறியிட்டு நிரூபித்திருக்கிறேன். மூன்று: தேவையில்லாமல் பெரிய வேலையைத் தலையில் கட்டப் பார்க்கிறார். நான்கு: காரணம் தெரியாதபோது தகடு, மந்திரம் என்று வாடிக்கையாளரின் மூடநம்பிக்கையைப் பயன்படுத்திக்கொள்ளப் பார்க்கிறார். மாணவிகள் பயணிக்கும் பேருந்துகளை இப்படிப்பட்டவரிடம் விடலாமா?

நான்காவதை எழுதும்போது பேனா சற்று நின்றது. பிறகு எழுதிவிட்டேன்.

நவம்பர் 25, திங்கள்

குழு கூடியது. விவாதமே இல்லை. "மதிவதனி மேடமே எழுதியிருக்காங்கன்னா அப்பீல் கிடையாது" என்றார் செயலாளர். ஆறு பேருந்துகளும் மிக்கேலிடமிருந்து எடுக்கப்பட்டு வேறொருவருக்குப் போகின்றன. என் கடிதம் ஒரு பிரதி அலுவலகக் கோப்பில், ஒரு பிரதி அவருக்கு.

நவம்பர் 27, புதன்

ஜெசிந்தா இரண்டாவது பெஞ்சிலிருந்து கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள். மின்சுற்றுப் பாடம். வழக்கமாக மூன்று கேள்வியாவது கேட்பாள். இன்று நோட்டைவிட்டுத் தலை தூக்கவில்லை. வகுப்பு முடிந்து வராந்தாவில் எதிரே வந்தாள்.

"ஒடம்பு சரியில்லையா ஜெசிந்தா?"

"நல்லாருக்கேன் மேடம்."

"வீட்ல...?"

"அப்பா உங்கள ஒண்ணும் சொல்லல மேடம். 'டீச்சருக்கு வண்டி மேல நம்பிக்கை போயிருச்சு, பாவம்'னு மட்டும் சொன்னாங்க. கடைக்குப் பாதி வேல காலேஜ் பஸ்ஸுதான். அத அவங்க சொல்லல, நான் சொல்றேன்."

போய்விட்டாள். அந்தப் 'பாவம்' என்ற சொல்லை நான் வீடுவரை தூக்கிவந்தேன்.

டிசம்பர் 3, செவ்வாய்

வண்டியில் வேறு யாருமே கை வைக்காத இந்தப் பத்தொன்பது நாளில்: இன்டிகேட்டர் போட்டால் உள்விளக்கு சேர்ந்து மினுக்குகிறது. பேட்டரி இரண்டு முறை இறங்கியது. மழை பெய்த மறுநாள் மோசம், வெயில் அடித்தால் பரவாயில்லை.

மிக்கேல் தொடாத வண்டியில் மிக்கேல் எப்படிப் பழுது செய்வார்?

டிசம்பர் 7, சனி

கல்லூரி ஆய்வகத்திலிருந்து அம்மீட்டரைக் கொண்டுவந்தேன். பேட்டரி ஒயரைக் கழற்றி நடுவில் இணைத்தேன். அணைத்து நிறுத்திய வண்டி முப்பது மில்லி ஆம்பியர் எடுக்கலாம். இது ஒன்றரை ஆம்பியர் எடுத்தது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். வலது வரிசை மூன்றாவதைப் பிடுங்கியதும் முள் படுத்தது. திருப்பிச் செருகினால் எழுந்தது. ஆனால் அந்த ஃபியூஸ் ஊட்டும் விளக்கிலும் ஒயர்களிலும் ஒரு குறையும் இல்லை. ஆகவே பழுது பெட்டிக்குப் பின்னால்.

கதிரேசன் தேநீரோடு வந்து நின்றார். "பின்னால கழத்திப் பாத்துரலாமே?"

"வேண்டாம். இன்னைக்கு வெளிச்சம் போயிருச்சு" என்றேன்.

மணி நாலரைதான்.

டிசம்பர் 8, ஞாயிறு

இவர் சந்தைக்குப் போனதும் கழற்றினேன். நான்கு திருகுகள், இரண்டு கிளிப்புகள். பெட்டி ஒரு கையகலம் முன்னால் வந்தது. அங்கே இருந்தது.

மழைக்காலம் முழுக்க ஈரம் குடித்து, அதிர்வில் உரசி, மஞ்சள் துணி நூல்நூலாகப் பிரிந்திருந்தது. தகடு பாதி வெளியே சரிந்து, ஃபியூஸ் பெட்டியின் பின்முனைகள் மீது படுத்திருந்தது. ஒரு முனை பிரேக் விளக்குடையது, பக்கத்து முனை வைப்பருடையது. ஒரு மேடு பள்ளத்தில் இன்னும் கொஞ்சம் நகர்ந்தால் ஹாரன். இரும்புச் சட்டத்தைத் தொட்டால் ஃபியூஸ் போகும். கட்டங்களின் மேல் மூன்று இடத்தில் தீய்ந்த புள்ளிகள்.

செம்பு நல்லா கரண்ட்டக் கடத்தும்.

மிக்கேல் ஒவ்வொரு முறையும் மூடியைக் கழற்றி ஒயர்களை அசைத்தபோது அது கொஞ்சம் இடம் மாறியிருக்கிறது. அதனால் பழுதும் மாறியிருக்கிறது. என் கடிதத்தின் முதல் காரணம் அது.

டிசம்பர் 9, திங்கள்

இந்த நாட்குறிப்பை ஆகஸ்டிலிருந்து படித்தேன். ஆகஸ்ட் 11 அன்று "தகட்டைக் குப்பைக்கூடையில் போட்டேன்" என்று எழுதியிருக்கிறேன். அது பொய் இல்லை. போட்டேன். அதற்குப் பிறகு நடந்ததை எழுதவில்லை.

நடந்தது இது. அன்று பிற்பகல் இவர் மதினியை ஏற்றிவிடப் பேருந்து நிலையம் போயிருந்தார். நான் குப்பைக்கூடையில் கையை விட்டேன். தேங்காய்ப் பூவும் காபித்தூளும் ஒட்டியிருந்தன. துடைத்தேன், துணியைச் சுற்றி நூலை மறுபடியும் கட்டினேன். வண்டிக்குப் போய், யார் கண்ணிலும் படாத இடமாகத் தேடி, ஃபியூஸ் பெட்டியின் பின்னால் கை போகிற ஆழம்வரை தள்ளினேன். மறுநாள் கை நடுங்காமல் ஓட்டினேன்.

அதன்பின் அது அங்கே இருப்பதாகவே நான் நினைக்கவில்லை. மறந்துவிடவும் இல்லை. ஒரு வீட்டில் பூட்டிய அறை இருந்தால் வீட்டில் எத்தனை அறை என்று எண்ணும்போது அதை விட்டுவிட்டு எண்ணுவதுபோல இருந்தேன். நவம்பர் 9 பட்டியலில் "ஆகஸ்ட்: எதுவும் இல்லை." அவர் நேருக்கு நேர் கேட்டார். நான் இல்லை என்றேன். சொன்னது மட்டுமல்ல, கேட்டதையே அவர்மேல் குற்றமாக எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

டிசம்பர் 11, புதன்

செயலாளருக்கு நான்கு வரிக் கடிதம்: 'என் வாகனப் பழுது குறித்த என் கணிப்பு தவறானது என்று தெரியவந்துள்ளது. திரு. மிக்கேல் மீதான புகாரைத் திரும்பப் பெறுகிறேன்.'

காரணம் எழுதவில்லை. இது போதும் என்று நினைத்தேன்.

டிசம்பர் 13, வெள்ளி

போதவில்லை. செயலாளர் அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார்.

"என்ன மேடம், வந்து மெரட்டுனானா?"

"இல்ல சார். நான்தான் தப்பா..."

"மூணு பக்கம் ஆதாரத்தோட எழுதுனீங்க. இப்ப நாலு வரியில இல்லைங்கிறீங்க. காரணமும் சொல்லல. அவன் மக நம்ம காலேஜுலதான படிக்குது? அழுதுதாக்கும்? பயப்படாதீங்க மேடம், நாங்க இருக்கோம்."

என் மரியாதை என்னைக் காப்பாற்றுகிறது. மிக்கேலைக் கொல்கிறது. இப்போது அவர் திருடர் மட்டுமல்ல, ஒரு பெண்ணை மிரட்டுகிறவரும்கூட. "ரெண்டாவது லெட்டரக் கிழிச்சிர்றேன்" என்றார் செயலாளர். வேண்டாம், புதன்கிழமைக் கூட்டத்தில் வையுங்கள், நானே விளக்குகிறேன் என்று சொல்லி வெளியே வந்தேன்.

டிசம்பர் 14, சனி

தகட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு மிக்கேல் கடைக்குப் போனேன். ஒரு டிராக்டரின் முன்விளக்கைப் பிரித்துக்கொண்டிருந்தார். முன்பு இரண்டு கல்லூரிப் பேருந்துகள் நிற்கும் இடம் காலியாக இருந்தது. நாய் படுத்திருந்தது.

தகட்டை அவர் மேசையில் வைத்தேன். எங்கே இருந்தது, வைத்தது யார் என்று சொன்னேன். நான் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் சொல்லி முடித்துவிட்டேன். எட்டு வாக்கியம் இருக்கும்.

அவர் சோப்புத்தூள் போட்டுக் கையைக் கழுவினார். நிதானமாகத் துடைத்தார். தகட்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"நாலு பியூச முழுங்கிருக்கு" என்றார். பிறகு, "எனக்குத் தெரியும் டீச்சர்."

"தெரியுமா?"

"ரெண்டாந்தடவ பாக்கும்போதே மஞ்ச நூலு கையில வந்துச்சு. அதான் கேட்டேன். நீங்க இல்லைன்னீங்க. அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல? சரி, பெட்டிய எறக்குனா தானா வெளிய வரும், நாம ஒண்ணுஞ் சொல்ல வேண்டாம்னு பாத்தேன். எறக்க விடல."

"அந்த ஃபியூஸ்... மாத்துனதச் சொல்லலியேன்னு..."

"சொன்னேனே! ஜன்னல்ட்ட வந்து சொன்னேன், பழசெல்லாம் ஆஷ்ட்ரேயில போட்டிருக்கேன், பாத்துக்கிடுங்கன்னு. எல்லா வண்டியிலயும் அப்படித்தான் போடுவேன். நீங்க போன் பேசிக்கிட்டே தலையாட்டுனீங்க."

வண்டிக்குப் போனேன். எங்கள் வீட்டில் யாரும் புகைப்பதில்லை. பதினேழு வருடத்தில் அந்தச் சிறு இழுப்பறையை நான் இழுத்ததே இல்லை. இழுத்தேன். துருப்பிடித்த எர்த் ஒயர் ஒரு துண்டு. கருகிய ஃபியூஸ்கள், ஒன்றின் தலையில் என் வெள்ளைப் புள்ளி. அடியில் சுருட்டி வைத்த மஞ்சள் நூல்.

திரும்பி வந்து, மன்னிக்க வேண்டும் என்றேன். பரவாயில்லை என்று சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்திருக்கிறேன் என்பது, அவர் சொல்லாதபோதுதான் தெரிந்தது.

"எம் மக ஒரு வாரம் சரியாச் சோறு திங்கல டீச்சர். 'மேடம் பொய் சொல்ல மாட்டாங்கப்பா, நீ என்ன செஞ்ச?'ன்னு என்னையக் கேட்டா. எங்கிட்ட!" அவர் குரல் உயரவில்லை. டிராக்டர் விளக்கின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசினார். "நீங்க எழுதுன லெட்டர நீங்க பாத்துக்கிடுங்க. வண்டிய விட்டுட்டுப் போங்க, அத நான் பாத்துக்கிடுதேன். முனையெல்லாம் தீஞ்சு போயிருக்கும்."

தகட்டைத் திருப்பி எடுக்கக் கை நீட்டினேன். "அதும் கெடக்கட்டும்" என்றார்.

டிசம்பர் 18, புதன்

குழுக்கூட்டம். ஐந்து பேர். எழுதிக்கொண்டுபோனதை நின்றபடி படித்தேன். லாரி, தகடு, குப்பைக்கூடை, அவர் கேட்டது, நான் இல்லை என்றது, ஆஷ்ட்ரே. நவம்பர் கடிதத்தின் நான்கு காரணங்களும் எப்படித் தவறு என்று ஒவ்வொன்றாக. நான்காவதற்கு முன் தாளைக் கீழே வைத்தேன். தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தேன்.

வணிகவியல் துறைக்காரர் முதலில் இருமினார். அது சிரிப்பு. "நீங்களா மேடம்? ரெண்டு மாசம் முன்னாலதான மன்றத்துல வெளுத்து வாங்குனீங்க?"

"ஆமா. நான்தான்."

செயலாளருக்குச் சங்கடம். "இதெல்லாம் கூட்டக்குறிப்புல ஏத்த வேண்டாம். 'தொழில்நுட்பக் காரணத்தால்'னு போட்டுக்கலாம். மேடத்துக்கும் நல்லது, காலேஜுக்கும் நல்லது."

"அப்படிப் போட்டா அவர் மேல பாதி சந்தேகம் அப்படியே இருக்கும் சார். தகடுன்னே எழுதுங்க. யார் வச்சதுன்னும் எழுதுங்க. பழைய லெட்டர் போன எல்லாக் கோப்புக்கும் இது போகணும்."

எழுத்தர் என்னைப் பார்த்தார், செயலாளரைப் பார்த்தார், பிறகு எழுதினார். ஜனவரியிலிருந்து பேருந்துகள் மறுபடியும் மிக்கேலிடம். இந்த ஒரு மாதம் அவருக்குத் திரும்பக் கிடைக்காது.

மாலைக்குள் கல்லூரி முழுக்கத் தெரிந்துவிட்டது. ஓய்வறையில் நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. ஓர் எலுமிச்சம்பழம் என் மேசைமேல் இருந்தது. யார் வைத்தது என்று கேட்கவில்லை. பையில் போட்டுக்கொண்டு வந்தேன். இரவு ரசத்துக்குப் பிழிந்தேன்.

டிசம்பர் 19, வியாழன்

மதினிக்குத் தொலைபேசியில் சொன்னேன். சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். குப்பையிலிருந்து எடுத்ததையும் சொன்னேன். அந்தப்பக்கம் கோழி கத்துவது கேட்டது.

"அப்ப வச்சிருந்தியா?" என்றார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். அதைத் தாங்குவது செயலாளர் அறையைவிடக் கடினமாக இருந்தது.

"வச்சிருந்தேன் மதினி."

"வேல செஞ்சுச்சா?"

"நல்லா கரண்ட்டக் கடத்துச்சு."

மதினி சிரித்தார். "நீ அன்னைக்கே சொன்ன" என்றார். இவர் சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். போனை வைத்ததும், "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

டிசம்பர் 21, சனி

காலை எட்டு மணிக்கு வண்டியை எடுக்கப் போனேன். தீய்ந்த முனைகளை மாற்றியிருந்தார். பிரேக், வைப்பர், ஹாரன், இன்டிகேட்டர் எல்லாவற்றையும் என்னையே போட்டுப் பார்க்கச் சொன்னார். ஆஷ்ட்ரேயைத் தானே இழுத்துக் காட்டினார்: மாற்றிய முனைகள், பழைய ஃபியூஸ்கள்.

பிறகு சட்டைப்பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். தகடுதான். கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் ஒரு மூலைகூட வெளியே தெரியாமல் மூன்று சுற்றுச் சுற்றியிருந்தார்.

"இனிமே ஷார்ட் ஆகாது. வேணும்னா வச்சிக்கிடுங்க. எங்க வேணா வைங்க, பியூஸ் பெட்டி பக்கம் மட்டும் வேண்டாம்."

அவர் கேலி செய்யவில்லை. கேலி செய்திருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

ஜெசிந்தா பையோடு கடை வாசலில் நின்றிருந்தாள். "எட்டரை பஸ் போயிருச்சு. இவளையும் காலேஜுக்கு ஏத்திக்கிட்டுப் போங்க டீச்சர்" என்றார். அவள் தயங்கினாள். "ஏறும்மா. வண்டி நல்லாருக்கு, நான் பாத்த வண்டி."

எனக்கு அந்தத் தகட்டில் நம்பிக்கை இல்லை. அது இல்லாமல் சாத்தூர் விலக்கைத் தாண்டத் தைரியமும் இன்னும் இல்லை. இரண்டையும் ஆகஸ்டிலேயே அடுத்தடுத்த வரிகளாக எழுதியிருக்கலாம். எங்கே வைத்தேன் என்பதை இந்தமுறை எழுதிவிடுகிறேன்: டேஷ்போர்டின் மேல், கண்ணாடியை ஒட்டி, வெளியே நிற்பவர்களுக்கும் தெரிகிற இடத்தில்.

ஜெசிந்தா வழியெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டு வந்தாள். விலக்கு நெருங்கியது. எதிரே ஒரு டிப்பர் வந்தது. ஸ்டீயரிங்கில் என் கை நடுங்கத் தொடங்கியது. அவள் தகட்டை விட்டு என் கையைப் பார்த்தாள்.

"கணக்குப் போட்டுப் பாத்தீங்களா மேடம்?" என்றாள் மெதுவாக.

"போட்டேன். சரியா வரல" என்றேன். கையை மறைக்கவில்லை. அப்படியே ஓட்டினேன்.